ட்ரீம் தியேட்டரை உருவாக்கியது வகுப்பறையா, டிக்கெட் வரிசையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ப்ராக் மெட்டலின், அதாவது சிக்கலான தாளமும் கனமான கிதாரும் கலந்த ராக் இசையின் பெரிய குழுவான ட்ரீம் தியேட்டர், அமெரிக்காவின் பாஸ்டனில் இருக்கும் பெர்க்லீ இசைக் கல்லூரி பெற்ற பிள்ளை என்றார் எதிரணி அம்மா. "வரிசையில் நின்றால் ரேஷன் அரிசி கிடைக்கும், இசை கிடைக்குமா?" என்று ஒரு போடு வேறு. நீங்களும் கைதட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்!

சரி, அந்த வரிசைக்கே போவோம். 1985இல் பெர்க்லீயில் ஒன்றுகூடிய மூன்று மாணவர்கள்: கிதாருக்குப் பெட்ரூச்சி, பேஸ் கிதாருக்கு மியுங், டிரம்ஸுக்குப் போர்ட்னாய். குழுவுக்குப் பெயர் அமையவில்லை. ரஷ் என்ற கனடா ராக் குழுவின் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க நிற்கிறார்கள், கூடவே ஒரு டேப் ரெக்கார்டர், அதில் ஓடுவதும் ரஷ்! பந்திக்குக் காத்திருக்கிறவன் வாசலிலேயே டிபன் பாக்ஸைத் திறந்த மாதிரி. 'பாஸ்டீல் டே' பாட்டு முடிகிற இடத்தில் போர்ட்னாய் சொக்கிப்போய் "மெஜஸ்டிக்", கம்பீரம் என்கிறார். அவ்வளவுதான், குழுவுக்குப் பெயர் மெஜஸ்டி. அம்மா, ரேஷன் கடையில் பேர் இருந்தால்தான் அரிசி. இவர்களுக்கு வரிசையில்தான் பேரே கிடைத்தது!

அந்தப் பேரும் நிலைக்கவில்லை. லாஸ் வேகாஸில் அதே பெயரில் இருந்த குழு வழக்குப் போடுவோம் என்றது. அப்புறம் போர்ட்னாயின் அப்பா, கலிபோர்னியாவின் மான்டரேயில் இடித்துவிட்ட ஒரு சினிமாக் கொட்டகையின் பெயரைச் சொன்னார்: ட்ரீம் தியேட்டர். கொட்டகை என்றால் அங்கேயும் வரிசை இருந்திருக்கும். இது என் ஊகம், மதிப்பெண் வேண்டாம்.

கல்லூரிப் பயிற்சி அறையில் மட்டும் என்ன வாசித்தார்கள்? ரஷ், பிரிட்டனின் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டன். ஐந்து, ஏழு என்று மாறும் தாளக் கணக்கு ரஷ்ஷிடம், கிதாரின் கனம் மெய்டனிடம். இரண்டையும் குழைத்ததுதான் 1992இல் 'புல் மீ அண்டர்', எட்டு நிமிடப் பாட்டு, ரேடியோவில் ஓடியது! படிப்பை முடித்தார்களா? மூவரும் பாதியில் விட்டவர்கள்.

2010இல் போர்ட்னாய் விலகினார். அவர் இடத்துக்கு வந்த டிரம்ஸ் கலைஞர் மேன்ஜினி பெர்க்லீயில் பாடம் நடத்தியவர். எதிரணிக்கு இந்தச் சாட்சியை நானே தருகிறேன், 2022இல் கிராமி வந்ததும் அவர் காலத்தில்தான். ஆனால் 2023இல் போர்ட்னாய் திரும்புகிறார் என்ற செய்தியைப் படித்தபோது, ஆபீஸில் உட்கார்ந்து நான் அழுதேன், நடுவர் அவர்களே. வரிசையில் நின்றவன் "இடத்தைப் பார்த்துக்கோடா, இதோ வந்துடறேன்" என்று போய், பதின்மூன்று வருஷம் கழித்து நரைத்த தாடியோடு வருகிறான். கூட நின்றவர்கள் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள், நகர்ந்து இடம் விடுகிறார்கள்...

மணி அடித்துவிட்டது. வணக்கம்.