பரம்புப் பலகையும் ஃபிரெஸ்னோ சட்டியும்

வணக்கம் நேயர்களே. நெடுஞ்சாலை வேலையில் 34 வருஷம் இருந்தவன் நான். சாலை வேலை என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது தாரும் ரோலரும்தான். எனக்கு அதற்கும் முந்தின வேலைதான் பிடிக்கும். மண்ணை இளக்குவது, இழுப்பது, மட்டம் பண்ணுவது. அதற்கென்று அந்தக் காலத்தில் என்னென்ன கருவி செய்தார்கள் என்று தேடித் தேடிப் படிப்பதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்குப் பொழுது.

முதலில் பரம்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பேசப்போகிற எல்லாக் கருவியும் அதற்குள்ளேயே இருக்கிறது. சேற்றுழவு முடிந்ததும் நாற்று நடுவதற்கு முன்னால் வயலை மட்டம் செய்ய மாட்டுக்குப் பின்னால் ஒரு பலகையைக் கட்டி இழுப்போமே, அதுதான். கனம் வேண்டும் என்பதற்காக எங்கள் தாத்தா என்னைத் தூக்கி அதன் மேல் நிறுத்துவார். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். தாத்தாவின் இடுப்பு வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்பேன், மாடு வாலைச் சுழற்றும்போதெல்லாம் முகத்தில் சேறு அடிக்கும், பின்னாலேயே கொக்குக் கூட்டம் புழு பொறுக்கிக்கொண்டு வரும். "முன்னால சாயாதடா" என்று தாத்தா அடிக்கடி அதட்டுவார். முன்னால் சாய்ந்தால் பலகையின் விளிம்பு சேற்றைக் கடித்து வாரிக்கொண்டு வந்துவிடும், பின்னால் சாய்ந்தால் மேலாக வழுக்கிப் போய்விடும். மேடு வந்தால் கொஞ்சம் முன்னால், பள்ளம் வந்தால் கொஞ்சம் பின்னால். மேட்டில் வாரின சேறு பள்ளத்தில் தானாக விழும். அவ்வளவுதான் சூட்சுமம். மண்ணை அள்ளுவதை யாரும் செய்துவிடலாம், அள்ளினதைச் சமமாக விடுவதுதான் வேலை. இதை நான் இன்னும் ரெண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதே சூட்சுமத்தை அமெரிக்காவில் ஒரு விவசாயி சாலைக்குக் கொண்டுபோனார். மிசௌரி மாநிலத்தில் மெய்ட்லண்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த டி. வார்டு கிங். 1890களில் அந்தப் பக்கமெல்லாம் மண் சாலைதான். மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சு வரை இறங்கும். அவர் வீட்டில் பனியில் விரிசல் விட்டுப்போன பழைய மர பம்பின் தண்டு ஒன்று கிடந்தது. அதையும் ஒரு ஓக் கம்பத்தையும் இணையாகப் போட்டு, வேலிப் பலகைகளை அடித்துச் சேர்த்து, கம்பியைக் கட்டி, குதிரைகளைப் பூட்டி, பக்கத்து வீட்டு வாசல் வரை ஒருமுறை போய்த் திரும்பினார். மறுமழைக்கும் அதேபோல. நாளாக ஆக அந்தத் துண்டுச் சாலை மட்டும் சேறாகாமல் நின்றது.

ஏன் நின்றது? ஈரமாக இருக்கும்போதே இழுத்ததால். காய்ந்தபின் இழுத்தால் புழுதிதான் கிளம்பும். நம் களத்து மேட்டை நினைத்துப் பாருங்கள். நெல் அடிக்கிற களத்தை ஈர மண்ணோடு சாணியைக் கரைத்து மெழுகி வெயிலில் விட்டால் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிவிடும். வார்டு கிங் செய்தது அந்த மெழுகல்தான். சாலைக்குக் குறுக்கே நேராக இழுக்காமல் சாய்வாக இழுத்தார், அதனால் ஓரத்து மண் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்து, ஆமை ஓடு மாதிரி நடு உயர்ந்து, மழைத்தண்ணீர் ரெண்டு பக்கமும் வடிந்தது.

பிறகு 7, 8 அடி நீள மரத்தை நெடுக்கில் பிளந்து, ரெண்டரை அடி இடைவெளி விட்டுச் சேர்க்கிற முறை நிலைத்தது. மேலே பலகை போட்டு ஓட்டுபவர் நிற்பார், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்ந்து நகர்ந்து எடையை மாற்றுவார். அதைப் படித்தபோது தாத்தாவின் வேட்டி முனை மறுபடியும் கைக்கு வந்த மாதிரி இருந்தது எனக்கு. வார்டு கிங் ஊர் ஊராகப் போய் இதைச் சொல்லிக்கொடுத்தார், 1908இல் அமெரிக்க வேளாண்மைத் துறையே அவர் எழுதியதை விவசாயிகளுக்கான கையேடாக வெளியிட்டது.

சரி, இது மட்டம் பண்ணுவது. ஓர் இடத்து மண்ணை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால்? பெரும்பாலும் மண்வெட்டியும் கூடையும்தான். கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ என்ற ஊர், உலர்திராட்சைக்குப் பேர்போனது. அங்கே பாசன வாய்க்கால் வெட்டவும் மேடும் பள்ளமுமாகக் கிடந்த நிலத்தைச் சமப்படுத்தவும் ஆள் போதாத காலம். ஸ்காட்லாந்திலிருந்து வந்து அங்கே வண்டிப் பட்டறை வைத்திருந்த ஜேம்ஸ் போர்டியஸ் 1883இல் செய்ததுதான் ஃபிரெஸ்னோ ஸ்கிரேப்பர், அதாவது மண்ணைச் சுரண்டி அள்ளுகிற சட்டி.

அது எப்படி இருக்கும் என்றால், தகர டிரம்மை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து படுக்கப் போட்ட மாதிரி. வாய்ப் பக்கத்துக் கீழ் விளிம்பில் வெட்டுக் கத்தி. பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு நீளப் பிடி. பெரிய சட்டி 5 அடி அகலம், அதற்கு 4 குதிரைகள். பின்னால் நடந்து போகிறவர் பிடியை லேசாகத் தூக்கினால் கத்தி மண்ணைக் கடிக்கும், சட்டி நிரம்பும். நிரம்பியதும் பிடியைக் கீழே அழுத்தினால் வாய் மேலே எழும்பி, மண்ணோடு சறுக்கிக்கொண்டே போகும். கொட்ட வேண்டிய இடம் வந்ததும் பிடியை மேலே தள்ளிவிட்டால் சட்டி முன்பக்கமாகக் கவிழும். ஆனால் குவியலாகக் கொட்டாது. கத்திக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விட்டு, சறுக்குக் கட்டைகளின் மேல் நின்று, மண்ணை மெத்தை விரித்த மாதிரி பரப்பிக்கொண்டே போகும். சொன்னேனே, சமமாக விடுவதுதான் வேலை. அதற்கு முன்னால் இருந்த சட்டிகள் குவியலாகக் கொட்டும், அப்புறம் அதை மண்வெட்டியால் நிரவ வேறு ஆள் வேண்டும்.

அதில் ஓர் ஆபத்தும் உண்டு. கத்தி ஒரு வேரிலோ கல்லிலோ தட்டினால் அந்த நீளப் பிடி விசுக்கென்று எகிறும். தாடையில் அடி வாங்கியவர்கள், விலா எலும்பு முறிந்தவர்கள் எத்தனையோ பேர். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஏற்றத்தின் கால் நழுவினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

ஃபிரெஸ்னோ சட்டி பனாமா கால்வாய் வேலை வரைக்கும் போனது. 1991இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. நான்கு குதிரை இழுத்த ஒரு இரும்புச் சட்டிக்கு அந்த மரியாதை கிடைத்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

கிரேடர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாலையோரத்தில் பார்த்திருப்பீர்கள், நீளமான வண்டி, வயிற்றுக்கடியில் சாய்வாக ஒரு நீளப் பிளேடு. அந்தப் பிளேடு மண்ணை ஒரு பக்கமாகத் தள்ளும்போது மண் வண்டியை மறுபக்கம் தள்ளும், வண்டி வழுக்கி ஓரத்துப் பள்ளத்துக்குப் போகப் பார்க்கும். 1885இல் இந்தியானாவில் ஜே. டி. ஆடம்ஸ் இதற்கு ஒரு வழி செய்தார், சக்கரங்களையே சாய்த்துவிட்டார். இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு நடக்கிறவர்கள் மறுபக்கம் சாய்வார்கள் இல்லையா, அதே கணக்கு. அந்தக் காலத்து வண்டியை குதிரைகள் இழுத்தன, மேலே நின்ற ஆள் கைச்சக்கரத்தைத் திருகித் திருகிப் பிளேடை ஏற்றி இறக்கினார். 1920 வாக்கில் ரஸ்ஸல் கம்பெனி டிராக்டரோடு பிளேடைச் சேர்த்தது, 1928இல் ரஸ்ஸலை கேட்டர்பில்லர் வாங்கியது, 1931இல் ஒரே வண்டியாக மோட்டார் கிரேடர் வந்தது. இன்றைக்கும் கிரேடரின் முன்சக்கரம் சாய்வதைப் பார்க்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. மண்ணை இளக்குவதைக் கடைசியில் விரிவாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிரெஸ்னோ சட்டி கெட்டித் தரையைக் கடிக்காது, முன்னால் ஒரு கனத்த கலப்பை போய் உழுது வைக்க வேண்டும். கலப்பைக்கும் மசியாத தரை உண்டு. கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் ஊரில் பட்டறை வைத்திருந்த லெடூர்னோ என்பவர் 1930களின் தொடக்கத்தில் ஹூவர் அணைக்குச் சாலை போடப் போன காலத்தில், டிராக்டருக்குப் பின்னால் யானைத் தந்தம் மாதிரி கனத்த இரும்புப் பற்களைக் கட்டித் தரையைக் கிழிக்கிற ரூட்டரைச் செய்தார். இன்று புல்டோசரின் பின்னால் தொங்குகிற ரிப்பர் அந்த வழி வந்ததுதான். அதில் பல் தேய்மானம் என்று ஒரு பெரிய விஷயம் இருக்கிறது, அதை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.