பையன் கொடுக்கப்பட்டானா, வாட்ச் கொடுக்கப்பட்டதா?

வணக்கம் மக்களே. காற்று இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வழக்கம்போல மொட்டை மாடிதான், கீழே அம்மா சீரியல் பார்க்கிறார். மோட்டார் வேறு போட்டுவிட்டு வந்திருக்கிறேன், டேங்க் நிறைவதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

இன்றைக்கு எனக்கு இரண்டரை மதிப்பெண் போச்சு. எஸ்எஸ்சி சிஜிஎல், அதாவது மத்திய அரசு வேலைக்கான தேர்வு, அதன் டயர் ஒன்றுக்கு (முதல் கட்டத்துக்கு) நான் வாரா வாரம் எழுதுகிற மாக் டெஸ்டில், மாதிரித் தேர்வில்தான். கணக்கில் என் லட்சணம் உங்களுக்குத் தெரியும், போன மாதம் அழுத வீடியோவே இருக்கிறது. இங்கிலீஷில் 25 கேள்வி, 50 மதிப்பெண், அதை நம்பித்தான் என் வண்டி ஓடுகிறது. சரியாக எழுதினால் 2, தப்பானால் கையில் இருப்பதிலிருந்து 0.50 பிடித்துக்கொள்வார்கள். வரவேண்டிய இரண்டும் வராமல், இருந்த அரையும் போய், ஆக மொத்தம் இரண்டரை. இதைச் சாயங்காலத்திலிருந்து நான்கு முறை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

கேள்வி இதுதான்: 'மை அங்கிள் கேவ் தி பாய் எ வாட்ச்.' பாசிவ் வாய்ஸாக, அதாவது செயப்பாட்டுவினையாக மாற்ற வேண்டும். நான் 'தி பாய் வாஸ் கிவன் எ வாட்ச் பை மை அங்கிள்' என்று போட்டேன். தப்பாம். 'எ வாட்ச் வாஸ் கிவன் டு தி பாய்' என்பதுதான் விடையாம். அட, முக்கியமானதை விட்டுவிட்டேன், இரண்டுமே ஆப்ஷனில் இருந்தன! ஒன்றுதான் இருந்திருந்தால் நான் ஏன் கத்தப் போகிறேன்? கிவ், டீச், செண்ட், ஆஃபர் மாதிரி வினைகளுக்கு இரண்டு ஆப்ஜெக்ட் வரும், ஒன்று ஆள், ஒன்று பொருள். எதை வேண்டுமானாலும் முன்னால் கொண்டுவரலாம், இரண்டுமே சரி. இன்னும் சொல்லப்போனால் ஆளை முன்னால் வைப்பதுதான் இங்கிலீஷில் சகஜம்.

சமூகப் பதிவில் இதைப் போட்டதும் உங்களில் பாதிப் பேர் 'அக்கா, நீங்கதான் தப்பு' என்று சொன்னீர்கள். கோபம் வந்தது, அப்புறம் யோசித்தேன். நம் காதுக்கு அது தப்பாகத்தான் கேட்கும். தமிழில் 'பையனுக்கு வாட்ச் கொடுக்கப்பட்டது' என்று சொல்லலாம். 'பையன் வாட்ச் கொடுக்கப்பட்டான்' என்று சொல்ல முடியுமா? வாட்சை எடுத்துவிட்டு 'பையன் கொடுக்கப்பட்டான்' என்றால் பையனையே யாருக்கோ தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். 'கு' ஒட்டிய சொல்லை நாம் செயப்பாட்டுவினைக்கு எழுவாய் ஆக்குவதே இல்லை. இங்கிலீஷில் ஆக்குவார்கள். அவ்வளவுதான் விஷயம், இதைப் பள்ளிக்கூடத்தில் யாராவது ஒரு வரியில் சொல்லியிருந்தால் பத்து வருடக் குழப்பம் மிச்சம்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். வாக்கியத்தைப் பார்த்ததும் முன்னதைப் பின்னால் போட்டு நடுவில் 'பை' செருகும் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. முதலில் வினையைப் பிடியுங்கள், 'எதை, யாரை' என்று கேளுங்கள். 'தி ட்ரெயின் அரைவ்ட்.' எதை? பதில் இல்லை, அதற்குப் பாசிவும் இல்லை. பதில் இருந்தும் மாறாத சண்டிகளும் உண்டு. 'ஷி ரிசெம்பிள்ஸ் ஹெர் மதர்' என்பதைத் திருப்பிப் பாருங்கள், அம்மா பாவம். 'பை'யும் எல்லா இடத்திலும் வராது, 'நோன்' வந்தால் பெரும்பாலும் 'டு', 'ஃபில்ட்' வந்தால் 'வித்'.

ஆங், பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச், அதான் சொல் வகைகள். நேற்று ஒருவர் 500 அட்ஜெக்டிவ் பட்டியல் கேட்டிருந்தார். தர மாட்டேன். 'ரவுண்ட்' என்ற ஒரே சொல்லை எடுங்கள். 'எ ரவுண்ட் டேபிள்' அட்ஜெக்டிவ், 'தி ஃபர்ஸ்ட் ரவுண்ட்' நௌன், 'தி பஸ் ரவுண்டட் தி கார்னர்' வெர்ப், 'வாக் ரவுண்ட் தி டெம்பிள்' பிரிபொசிஷன், 'டர்ன் ரவுண்ட்' அட்வெர்ப். ஐந்து வேலை பார்க்கிற ஆளை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்? 'லி' ஒட்டினால் அதே அர்த்தத்தில் அட்வெர்ப் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் நான் ஓர் இன்டர்வியூவில் 'ஐ ஹார்ட்லி ஸ்டடி' என்று அடித்துவிட்டேன். கஷ்டப்பட்டுப் படிக்கிறேன் என்று சொல்ல நினைத்தது. அங்கே இருந்தவர்களுக்குக் கேட்டது, படிப்பதே இல்லை என்று. ஒருவர் 'நேர்மையான பெண்' என்று சிரித்தார், எனக்குக் காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று.

ஜெராக்ஸ் கதையைச் சொல்லவில்லையே! பாசிவ் பயிற்சித்தாள் 42 பக்கம். கடையில் ஒரு பக்கம் 2 ரூபாய், இருபுறமும் போட்டால் பக்கத்துக்கு ஒன்றரை. இருபுறமும் என்று தெளிவாகச் சொன்னேன். ஒருபுறம் போட்டு 84 ரூபாய் வாங்கிவிட்டார். 63 ரூபாயில் முடிந்திருக்கும், 21 ரூபாய் தண்டம், அதாவது மூன்று சமோசா. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓரம் வெட்டுப்பட்டு எல்லாப் பக்கத்திலும் 'டி' ஆப்ஷன் பாதிதான் இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டால் 'ஃபைலே அப்படித்தான் வந்தது' என்கிறார்.

இப்போது உச்சம். அந்த மாக் டெஸ்ட் காரர்களுக்கு இரண்டு விடையும் சரிதான் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கி மெயில் போட்டிருந்தேன், சற்றுமுன் பதில் வந்தது. ஒரே வரி: 'யுவர் கன்சர்ன் ஹாஸ் பீன் நோட்டட்.' பாசிவ்! பிரசன்ட் பெர்ஃபெக்ட் பாசிவ், இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. யார் குறித்துக்கொண்டார், எந்த நோட்டில், மதிப்பெண் வருமா, ஒன்றும் கிடையாது. 'பை' போட ஓர் ஆளே இல்லை. இதைத்தான் நாளைக்கு உங்களுக்குப் பயிற்சி வாக்கியமாகத் தரப் போகிறேன், ஆக்டிவாக மாற்றிக் கமெண்டில் போடுங்கள், எழுவாயை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

ஐயோ, டேங்க் வழிகிறது. அம்மா கத்துவதற்குள் போகிறேன்.