கண்ட்ரோல் + ஆரோ: தமிழ் வரியில உங்க கர்சர் எங்கெல்லாம் நிக்குது?

[ஸ்க்ரீனில் ஒரே ஒரு வரி: தமிழ் எழுத்து, அழகு.]

இந்த வரியைப் பாருங்க. மூணு வார்த்தை, ஒரு கமா, ஒரு முற்றுப்புள்ளி, அவ்வளவுதான். கர்சர் வரியோட ஆரம்பத்துல நிக்குது. கண்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு ரைட் ஆரோவை அழுத்தினா, எத்தனை தடவையில கடைசிக்குப் போகும்? மூணு வார்த்தை, அப்போ 3 தடவைன்னு சொல்வீங்க. சரிதான்.

ஆனா இன்னைக்கு நாம இந்தக் கட்டளையை நாலு விதமா எழுதப் போறோம். ஒண்ணு 1 தடவையிலேயே வரியைத் தாண்டிடும். ஒண்ணு 6 தடவை எடுத்துக்கும். இன்னொண்ணு 4. ஒண்ணே ஒண்ணுதான் 3. இதே மூணு வார்த்தைய இங்கிலீஷ்ல எழுதிப் பார்த்தா நாலுமே ஒரே மாதிரி 3 தடவையில போகும்! இங்கிலீஷ்ல மட்டும் டெஸ்ட் பண்றவங்க கண்ணுல இந்த வித்தியாசம் படவே படாது. அதனாலதான் இந்த வீடியோவைத் தமிழ்ல பண்றது எனக்கு அவ்வளவு முக்கியம்.

வணக்கம் மக்களே! சேனலுக்குப் புதுசா வந்திருந்தா சப்ஸ்கிரைப் பண்ணிடுங்க, நேரா உள்ள போயிடலாம்.

[ஸ்க்ரீனில்: டெர்மினல், கிலோ எடிட்டர்]

நாம கை வைக்கப்போற எடிட்டர் பேரு கிலோ. ரெடிஸ் டேட்டாபேஸை உருவாக்கின சால்வடோர் சான்ஃபிலிப்போ 2016ல வெளியிட்டது. ஒரே ஒரு சி ஃபைல், 1000 வரிக்கும் குறைவான கோட். இதை அடிப்படையா வச்சு, 184 படிகள்ல புதுசா எழுதக் கத்துக்கொடுக்கிற ஒரு இலவச வழிகாட்டியும் நெட்ல இருக்கு. நான் வச்சிருக்கிறது அந்த வழிகாட்டியோட வெர்ஷன். காலேஜ்ல சி படிச்சுட்டு "இதை வச்சு என்ன பண்றது"ன்னு யோசிக்கிற எல்லாருக்கும் நான் முதல்ல காட்டுறது இதைத்தான்.

வரலாறு ரெண்டே வரியில: 1976ல பில் ஜாய் விஐ எடிட்டரை எழுதினப்போ அவர் பயன்படுத்தின ஏடிஎம்-3ஏ டெர்மினல்ல தனி ஆரோ கீயே கிடையாது. வார்த்தை வார்த்தையா தாவ அவர் வச்ச ஒத்தை எழுத்துக் கட்டளைகளை இன்னைக்கும் விஐயோட வாரிசான விம் எடிட்டர்ல அதே கீயில அழுத்துறோம்.

சரி, கிலோவைத் திறந்து, ஒரு கோடும் மாத்தாம, கண்ட்ரோல் ரைட் ஆரோவை அழுத்துறேன். என்ன ஆகுதுன்னு கவனிங்க.

[ஸ்க்ரீனில்: ஃபைலுக்குள் 5சி என்று விழுகிறது]

கர்சர் தாவலை. அதுக்குப் பதிலா, அஞ்சுன்னு ஒரு எண்ணும் சின்னு ஒரு பெரிய எழுத்தும் நம்ம ஃபைலுக்குள்ள டைப் ஆகியிருக்கு! எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா டெர்மினல் எப்படிப் பேசுதுன்னு இதுவே காட்டிக்கொடுத்துடுது.

சாதாரண ரைட் ஆரோவை அழுத்தினா டெர்மினல் மூணு பைட் அனுப்பும்: எஸ்கேப், ஒரு சதுர அடைப்பு, ஒரு சி. கண்ட்ரோலோட சேர்த்து அழுத்தினா ஆறு பைட்: எஸ்கேப், சதுர அடைப்பு, 1, அரைப்புள்ளி, 5, சி. நம்ம கிலோ என்ன பண்ணுது? அடைப்புக்கு அப்புறம் எண் வந்தா, அடுத்த பைட் அலைக்கோடா இருக்கும்னு எதிர்பார்க்குது. ஹோம், பேஜ் அப், டெலீட் எல்லாம் அப்படித்தான் வரும். இங்க வந்தது அரைப்புள்ளி. புரியலைன்னு வெறும் எஸ்கேப்னு திருப்பிக் கொடுத்துடுது. ஆனா மிச்சம் ரெண்டு பைட் இன்னும் வரிசையில நிக்குதே? அடுத்த சுத்துல அதை யாரோ டைப் பண்ணின எழுத்துன்னு நினைச்சு ஃபைலுக்குள்ள போட்டுடுது.

அந்த 5 எங்கிருந்து வந்துச்சு? ஷிஃப்ட்டுக்கு 1, ஆல்ட்டுக்கு 2, கண்ட்ரோலுக்கு 4. எதெல்லாம் அழுத்தியிருக்கோ கூட்டி, மேல ஒரு 1 சேர்க்கணும். கண்ட்ரோல் மட்டும்னா 4 கூட்டல் 1, அஞ்சு. கண்ட்ரோலும் ஷிஃப்ட்டும் சேர்ந்தா 6. வீடியோவை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தா என்ன வரும்னு கமெண்ட்ல போடுங்க.

மேக் வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை: அங்க கண்ட்ரோல் ஆரோ டெஸ்க்டாப்பை மாத்துறதுக்குப் போயிடும். மேக் டெர்மினல்ல ஆப்ஷன் ரைட் ஆரோ அழுத்தினா எஸ்கேப்பும் சின்ன எஃப்பும் வரும். அது ஈமாக்ஸ்ங்கிற எடிட்டரோட பழைய "ஒரு வார்த்தை முன்னாடி போ" கட்டளை. ரெண்டையும் படிக்கிற மாதிரி எழுதிட்டா எல்லா வீட்டுலயும் ஓடும்.

கோட்ல மூணு இடம் தொடணும். கீ பட்டியல்ல ஆரோக்கள் 1000லேர்ந்து ஆரம்பிக்குது, சாதாரண எழுத்தோட மோதக்கூடாதுன்னு. அதோட கடைசியில வார்த்தை-இடது, வார்த்தை-வலதுன்னு ரெண்டு பேர். கீ படிக்கிற ஃபங்ஷன்ல, எஸ்கேப்புக்கு அப்புறம் வர்றதுக்கு வச்சிருக்கிற மூணு பைட் இடத்தை அஞ்சாக்கி, அரைப்புள்ளி வந்தா இன்னும் ரெண்டு பைட் படிக்கணும். கீ அழுத்தினதைக் கையாளுற ஸ்விட்ச்ல ரெண்டு கேஸ். முடிஞ்சது, இனிமேதான் விஷயமே.

[ஸ்க்ரீனில்: இரண்டு வைல் லூப்]

வார்த்தை-வலதுக்கு மொத்தம் ரெண்டே ரெண்டு வைல் லூப். முதல் லூப்: வார்த்தைக்குள்ள இருக்கிற வரைக்கும் முன்னாடி போ. ரெண்டாவது லூப்: ஸ்பேஸ், கமா மாதிரி வார்த்தை இல்லாததுல இருக்கிற வரைக்கும் முன்னாடி போ. ஓட்டுங்க. கர்சர் அடுத்த வார்த்தையோட முதல் எழுத்துல போய் நிக்குது. விண்டோஸ்ல நோட்பேட்ல பழகின அதே உணர்வு.

இப்போ ஒரு எழுத்தைக்கூட மாத்தாம, அந்த ரெண்டு லூப்பையும் இடம் மாத்திப் போடுறேன். கீழே இருந்தது மேலே, மேலே இருந்தது கீழே. ஓட்டுங்க.

கர்சர் இந்த வார்த்தையோட கடைசியில நிக்குது! இதுதான் மேக். ஈமாக்ஸும் இதேதான். விம்ல ரெண்டுக்கும் தனித்தனி கட்டளையே இருக்கு. விண்டோஸ்லேர்ந்து மேக்குக்கு மாறினவங்க "கர்சர் என்னமோ மாதிரி நிக்குதே"ன்னு முதல் வாரம் பூரா சொல்வாங்க. அந்த "என்னமோ" எங்க இருக்குன்னா, ரெண்டு லூப்போட வரிசையில இருக்கு.

நான் இதை இப்படித்தான் பார்ப்பேன். வார்த்தை ஒவ்வொண்ணும் ஒரு ஊர், நடுவுல இருக்கிற ஸ்பேஸ் எல்லாம் வயக்காடு. விண்டோஸ் பஸ் வயலைத் தாண்டி அடுத்த ஊரோட முதல் வீட்டு வாசல்ல இறக்கிவிடும். மேக் பஸ் இந்த ஊரோட கடைசி வீட்டுல இறக்கிவிடும், வயலை அடுத்த சவாரியில தாண்டும். ஆனா திரும்பி வர்றப்போ, அதாவது இடது பக்கம் தாவுறப்போ, ரெண்டு பஸ்ஸும் ஊரோட முதல் வீட்டுலதான் நிக்கும். அதனால மேக்ல முன்னாடி போனா ஒரு முனை, பின்னாடி வந்தா இன்னொரு முனை. விண்டோஸ்ல எப்பவும் ஒரே முனை.

எது நல்லது? ஒரு வார்த்தைய மட்டும் செலக்ட் பண்ணி மாத்தணும்னா மேக் முறைதான் சுத்தம். பின்னாடி இருக்கிற ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வராது. தமிழ்ல வார்த்தையோட கடைசியிலதானே நமக்கு வேலை அதிகம்? "வீடு" "வீட்டில்" ஆகணும், "படிக்கிறான்" "படிக்கிறாள்" ஆகணும். திருத்தம் முக்கால்வாசி வால்ல வருது. அதனால தமிழ் எழுதுறவங்களுக்கு வார்த்தையோட கடைசியில நிக்கிற கர்சர்தான் பொருத்தம்னு நான் உறுதியா நம்புறேன். உங்க கட்சி எதுன்னு சொல்லுங்க, கமெண்ட்ல சண்டை நடக்கட்டும்.

வார்த்தை-இடதுல ஒரே ஒரு நுணுக்கம்: கர்சர் நிக்கிற எழுத்தைப் பார்க்கக்கூடாது, அதுக்கு முன்னாடி இருக்கிற எழுத்தைப் பார்க்கணும். இல்லைன்னா வார்த்தையோட ஆரம்பத்துல நிக்கிறப்போ கர்சர் நகரவே நகராது. வரி முடிஞ்சா அடுத்த வரிக்குப் போறது ரெண்டு வரி கோட். காலி வரியில நிறுத்துறதா தாண்டுறதா? விம் காலி வரியையும் ஒரு வார்த்தையாவே எடுத்துக்கும். பத்தி பத்தியா எழுதுறவங்களுக்கு அது வசதி, நானும் நிறுத்துறேன்.

இப்போ நம்ம 1, 6, 4, 3க்கு வருவோம். லூப் விண்டோஸ் வரிசையில இருக்கட்டும். மாறப்போறது ஒண்ணே ஒண்ணுதான்: "இது வார்த்தைக்குள்ள இருக்கிற எழுத்தா"ன்னு கேக்கிற அந்த ஒரு வரி.

முதல் வெர்ஷன். சியில எழுத்தா எண்ணான்னு சொல்ற ரெடிமேட் ஃபங்ஷன் இருக்கு, எல்லாரும் முதல்ல அதைத்தான் எடுப்பாங்க. கிலோ மாதிரி லொக்கேல், அதாவது எந்த மொழிங்கிற அமைப்பு, எதுவும் வைக்காத புரோகிராம்ல அதுக்குத் தெரிஞ்சது இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான். எழுத்துகளை பைட்டா மாத்தி வைக்கிற முறையான யூடிஎஃப்-8ல ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். "தமிழ்"னு எழுதினா 15 பைட். அந்தப் பதினஞ்சுல ஒண்ணைக்கூட அது எழுத்துன்னு ஒத்துக்காது. முழு வரியும் அதுக்கு வயக்காடு! ஒரே அழுத்துல கடைசிக்குப் போயிடும்.

ரெண்டாவது வெர்ஷன். "பைட்டா பார்த்தாதானே பிரச்சினை, யூனிகோட் எழுத்தா பார்க்கலாம்"னு பைத்தானுக்குப் போறோம். யூனிகோட்னா எல்லா மொழி எழுத்துக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்கிற பொதுப் பட்டியல். அங்க டெக்ஸ்ட்ல தேடுறதுக்கான ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல வார்த்தை எழுத்துன்னு ஒரு குறி இருக்கு. அதுகிட்ட "தமிழ்"னு கொடுத்துப் பாருங்க.

[ஸ்க்ரீனில்: தம, ழ]

"தம", "ழ"ன்னு ரெண்டு துண்டாக் கொடுக்குது. இகரக் குறியையும் புள்ளியையும் காணோம். யூனிகோட் பட்டியல்ல உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்துங்கிற வகையில இல்லை, ஒட்டுக்குறிங்கிற வகையில இருக்கு. பைத்தான் எழுத்தையும் எண்ணையும் மட்டும்தான் பார்க்குது. இந்த விதியில நம்ம வரி: முதல் தடவை ழகரத்துல, அப்புறம் எகரத்துல, அப்புறம் ஒரு தகரம், இன்னொரு தகரம், அகரம், கடைசி. ஆறு நிறுத்தம்.

மூணாவது வெர்ஷன் இன்னும் நுட்பமா தப்பும். யூனிகோட்லயே "எழுத்துத் தன்மை உள்ளது"ன்னு இன்னும் கொஞ்சம் விரிவான ஒரு பண்பு இருக்கு; ரஸ்ட் மொழி அதைத்தான் பயன்படுத்துது. அதுல கொம்பும் காலும் உள்ளே வந்துடும். ஆனா புள்ளி வராது! அதனால "எழுத்து"ங்கிற சொல்லுக்குள்ள மெய்யெழுத்து வர்ற இடத்துல கர்சர் தடுக்கி, "து"வுல ஒருதடவை நிக்கும். நாலு நிறுத்தம். புள்ளியே இல்லாத "நிலா"வை மட்டும் டெஸ்ட் பண்ணியிருந்தா, எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுட்டுப் போயிருப்போம்.

நாலாவது வெர்ஷன். இதுக்காகத்தான் மக்களே இந்த வீடியோவே. கேள்வியைத் திருப்பிப் போடுங்க. "எது எழுத்து"ன்னு கேக்காதீங்க. "எது பிரிக்கும்"னு கேளுங்க. ஸ்பேஸ், கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி, கூட்டல், கழித்தல்: இந்தச் சின்னப் பட்டியல்ல இல்லாதது எல்லாமே வார்த்தைதான். இந்த ஃபங்ஷனை நாம எழுதவே வேண்டாம். கிலோவுல கோடுக்குக் கலர் கொடுக்கிறதுக்காக ஏற்கெனவே இருக்கு! எடுத்துப் போடுறோம், ஓட்டுறோம். எகரம், அகரம், கடைசி. மூணு!

பைட் பைட்டா பார்க்கிற ஒரு எடிட்டர், தமிழைப் பத்தி ஒண்ணுமே தெரியாத எடிட்டர், எப்படிச் சரியா தாவுது? அதுக்கு யூடிஎஃப்-8க்குத்தான் நன்றி சொல்லணும். 1992 செப்டம்பர்ல, நியூ ஜெர்சியில ஒரு சாப்பாட்டுக் கடையில, மேஜையில தட்டுக்கு அடியில விரிச்சிருந்த காகிதத்துல கென் தாம்ப்சன் அதை வரைஞ்சார், ராப் பைக் கூட இருந்தார். அவங்க வச்ச விதி என்னன்னா, பல பைட் எழுத்தோட எந்த பைட்டும் 128க்குக் கீழே வரவே வராது. கமாவும் ஸ்பேஸும் அடைப்பும் எல்லாமே 128க்குக் கீழே. ஆக, ஒரு தமிழ் எழுத்தோட வயித்துக்குள்ள தப்பித் தவறிக்கூட கமா மாதிரி ஒரு பைட் இருக்க முடியாது. அந்தக் காகிதத்துல போட்ட ஒரு முடிவுனால நம்ம கர்சர் இன்னைக்கு சரியான இடத்துல நிக்குது. எனக்கு இதைச் சொல்றப்போ எல்லாம் புல்லரிக்கும்.

விஎஸ் கோடும் இதே வழிதான்: பிரிக்கும் குறிகளோட பட்டியல் ஒண்ணு செட்டிங்ஸ்லயே இருக்கும், நீங்களே மாத்திக்கலாம்.

குறையும் சொல்லிடணும். கிலோவோட பட்டியல்ல மேற்கோள் குறி, கோலன், நெளி அடைப்பு, கேள்விக்குறி எதுவும் இல்லை, சேர்த்துக்கோங்க. வளைஞ்ச மேற்கோள் குறி 128க்கு மேல, அதனால வார்த்தையோட ஒட்டிக்கும். அப்புறம் கிலோ ஒரு பைட்டுக்கு ஒரு கட்டம்னு கணக்குப் போடுறதால, தமிழ் வரியில கர்சர் ஸ்க்ரீன்ல தள்ளித் தெரியும். உள்ளே இடம் சரியா இருக்கும், டைப் பண்ணினா சரியான இடத்துல விழும். தாய்லாந்து மொழி மாதிரி ஸ்பேஸே விடாத எழுத்துக்கு இந்த வழி உதவாது. அங்க யூனிகோட் வேலைக்கான ஐசியூ லைப்ரரி அகராதியை வச்சுத்தான் வார்த்தையைப் பிரிக்கும். பெரிய எடிட்டர் எழுதுறீங்கன்னா யூனிகோட் தரத்தோட 29ஆவது இணைப்பைப் படிங்க. ஒட்டுக்குறி எப்பவும் முன்னாடி இருக்கிற எழுத்தோட போகணும்னு அதுல தெளிவா விதி இருக்கு.

அடுத்த வீடியோவுல அந்தத் தள்ளித் தெரியுற கர்சரைச் சரிபண்ணுவோம். அதுக்குள்ள நீங்க ஒண்ணு பண்ணுங்க. வீடியோ ஆரம்பத்துல காட்டின வரியை உங்க எடிட்டர்ல, உங்க ஃபோன்ல, ஆபீஸ்ல நீங்க எழுதுற டெக்ஸ்ட் பாக்ஸ்ல ஒட்டி, கண்ட்ரோல் ஆரோ அழுத்தி எண்ணுங்க. 3 வந்தா நல்லது. வார்த்தையோட கடைசியில நிறுத்துற மேக் முறைன்னா 4 வரும், அப்போ எங்க நிக்குதுன்னும் பாருங்க: வார்த்தையோட கடைசியிலயா, இல்லை "து"வுக்கு முன்னாடியா? "து"வுக்கு முன்னாடி நின்னா அந்த எடிட்டரோட பேரை கமெண்ட்ல போடுங்க. சேர்ந்து பக் ரிப்போர்ட் எழுதுவோம்.