கன்னத்துக்குள் ஒதுக்கிய பாக்கு

[காட்சி: திருகோணமலை, டச்சு விரிகுடாக் கரை. விடிகாலை. வள்ளம் ஒன்று கரை சேர்கிறது.]

இரவு முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு வருகிறவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். வலையில் கை வைக்கும் முன்னமே மடியிலிருந்து ஒரு சின்னப் பை வெளியே வரும். வெற்றிலையைச் சாரத்தில் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கும் ஒரு துண்டு போயிலையும் வைத்து மடித்து இடது கன்னத்துக்குள் ஒதுக்குவார் ஒருவர். நேற்றும் அதே கன்னம்தான்.

"நித்திரை வராது தம்பி, அதுக்குத்தான்" என்பார். அதில் பொய் இல்லை. பாக்கில் அரிகோலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது ஆளை உசுப்பி விடும், நிகோட்டினைப் போலவே விடமுடியாமலும் பண்ணிவிடும்.

[காட்சி: வாயின் உட்புறப் படம். கன்னத்துச் சவ்வு.]

இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். நம் ஆட்களுக்கு அது பெரும்பாலும் கன்னத்தின் உள்பக்கத்திலோ, நாக்கின் ஓரத்திலோ தொடங்குகிறது. பாக்கு ஊறிக் கிடக்கிற இடம் எதுவோ, அங்கே.

"நான் போயிலை தொடுறதே இல்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்" என்று சொல்லாத மாமியோ அம்மம்மாவோ நம் வீடுகளில் உண்டா? சரி, போயிலை இல்லாதது கொஞ்சம் நல்லதுதான். ஆனால் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்டுவிட்டது. கோவிலிலும் கலியாண வீட்டிலும் தட்டத்தில் வைக்கிற வெற்றிலையோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை பாக்கோடுதான். அதோடு சிகரெட்டும் சாராயமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

[காட்சி: மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்த கை, கிட்டத்தில்.]

இப்போது ஒரு சின்னச் சோதனை. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒட்டிப் பிடித்து, செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழைகிறதா? இரண்டு விரலோடு நின்றுவிட்டால், பாக்குப் போடுகிறவர் யோசிக்க வேண்டும். பாக்குச் சாறு கன்னத்துச் சவ்வுக்கு அடியில் நாரை வளர்க்கும், சவ்வு வெளிறித் தோல் வார் மாதிரி இறுகும். முதலில் மிளகாய் பட்டால் எரியும், பிறகு ஒரு ரோல்ஸைக் கடிக்கக்கூட வாய் திறபடாது. பைக்கற்றில் வருகிற மாவா, பாபுல் மெல்லும் இளசுகளுக்கும் இது வருகிறது. போயிலை கலந்த அந்தச் சாமான்களை 2016இல் தடை செய்த பிறகும் கள்ளமாகக் கைமாறுகின்றன. இறுகிய சவ்வு முழுதாகப் பழையபடி ஆவது அபூர்வம். ஆனால் பாக்கை நிறுத்தினால் மேலும் கெடுவதைக் குறைக்கலாம். புற்றுநோயாக மாறுகிறதா என்று வைத்தியர் தொடர்ந்து பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

[காட்சி: கண்ணாடி முன் ஒரு பெண், கையில் டோர்ச்.]

மாதம் ஒரு தரம் கன்னத்தை விரலால் இழுத்து, நாக்கைத் தூக்கி, இரு ஓரமும் பாருங்கள். வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, தடிப்பு, இரண்டு கிழமை கடந்தும் ஆறாத புண் ஏதும் இருக்கிறதா? வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், தொடக்கத்தில் இது வலிப்பதே குறைவு.

"கத்தி பட்டால் புற்றுநோய் பரவிடும்" என்று ஒரு பயம் மூதூரிலும் உண்டு, கிண்ணியாவிலும் உண்டு. ஒரு நெல் அளவு சதை எடுத்துப் பார்ப்பதால் அது பரவாது. பயந்து வீட்டில் வைத்திருக்கிற மாதங்களில்தான் அது கழுத்து நெறிகளுக்கு இறங்குகிறது. சின்னதாக இருக்கையில் வெட்டி எடுத்தால் பெரும்பாலும் குணமாகும். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசும் இல்லை.

பக்கத்து அரச வைத்தியசாலையின் பல் கிளினிக்குக்கே போகலாம். இலக்கத் துண்டு எடுக்கும் இடத்தில் "பல்லுக் குத்து" என்று சொல்லி வரிசையில் நிற்காதீர்கள். "கன்னத்துக்குள்ளே புண், இரண்டு கிழமையாய் ஆறவில்லை, பாக்குப் போடுவேன்" என்று அப்படியே சொல்லுங்கள்.