கூத்தாடி கிழக்கே, கூலிக்காரன் மேற்கே

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் பறவைப் படக் கண்காட்சியைத் தொடங்கிவைத்துப் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்து அமர்ந்திருக்கும் வனத்துறை அலுவலர் அவர்களே, வார்டு மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, நாற்பது பிள்ளைகளை வரிசை கலையாமல் கூட்டிவந்த தலைமையாசிரியை அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த அண்ணாச்சி அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். மைக் செட் தம்பிக்கும் வணக்கம். அவரை விட்டுவிட்டால் பாதியில் கரகரக்க வைத்துவிடுவார்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. சரிகை நல்ல சரிகை. ஆனால் இதைப் போர்த்திக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனால் நான் கரையேறும் முன்பே எல்லாப் பறவையும் அடுத்த ஏரிக்குப் போய்விடும். அடுத்த தடவை ஒரு பழைய பச்சைத் துண்டு போதும்.

முப்பது வருஷமாகத் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேரின் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். மீதிப் பேர் பாஸ்போர்ட் சைஸ். இன்றைக்கு மூன்று செய்தி பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். நம் பக்கம் திரும்பி வரும் கழுகுகள் எவை, அவற்றைப் படம் பிடிப்பது எப்படி, அதற்கு என்ன கேமரா வாங்கலாம். மூன்றாவதுக்காகத்தான் பின்வரிசைத் தம்பிகள் வந்திருக்கிறார்கள், தெரியும்.

கழுகு என்றதும் நமக்குக் கருடன் நினைவு வரும். செங்கல் நிற முதுகு, வெள்ளைத் தலை. செம்பருந்து என்றும் சொல்வோம். கும்பாபிஷேகத்தில் கோபுரத்துக்கு மேலே அது வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். நம் ஊருக்குள் ஓடுகிற கெடிலத்துக்கே கருடநதி என்று பெயர். திருவந்திபுரம் தலபுராணம் அதைக் கருடன் கொண்டுவந்த ஆறு என்கிறது. கருடன் எங்கும் போய்விடவில்லை. துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் நேரத்துக்குப் போனால் கூரைமேலேயே உட்கார்ந்திருக்கும். நான் பேச வந்தது போய்விட்டுத் திரும்பி வருகிற இரண்டு பேரைப் பற்றி.

ஒருவர் விராலடிப்பான். என்ன அழகான பெயர் பாருங்கள், தொழிலையே பெயராக வைத்திருக்கிறோம். ஐப்பசி வாக்கில் வடக்கேயிருந்து வருவார், பங்குனி வெயில் ஏறினால் போய்விடுவார். மீன் தவிர வேறெதையும் அனேகமாகத் தொடமாட்டார். வழுக்குகிற மீனைப் பிடிக்க அவர் காலடியில் முள் முள்ளாகச் சொரசொரப்பு உண்டு. வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்பி, முன்னே இரண்டு பின்னே இரண்டாகக் கவ்விக்கொள்வார். இன்னொருவர் வெண்வயிற்றுக் கடற்கழுகு. இறக்கை விரித்தால் இரண்டு மீட்டர் வரும். நம் வீட்டு வாசற்கதவின் உயரம். ஜோடி சேர்ந்தால் அதே உயர்ந்த மரத்தில், அதே கூட்டுக்கு வருஷா வருஷம் சுள்ளி சேர்த்துப் பெரிதாக்கிக்கொண்டே போகும். அதே மரம் என்பதை மனதில் வையுங்கள். நான் இன்றைக்கு வந்ததே அதற்காகத்தான்.

2011 டிசம்பர் 30 விடிகாலை யாருக்கும் மறந்திருக்காது. தானே புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. நான் பார்த்துவந்த கடற்கழுகு மரமும் அன்றைக்கு விழுந்தது. அதன் பிறகு பல வருஷம் அந்த ஜோடியை நான் காணவில்லை. மூன்று கார்த்திகைக்கு முன்னால் ஒரு ஜோடி வந்தது. அதே ஜோடியா, பிள்ளைகளா, நான் ஜாதகம் பார்க்கவில்லை. எந்த ஏரி என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அங்கே பஜ்ஜிக் கடை வந்துவிடும்.

இனி படம் பிடிக்கிற கதை. என் அப்பா ஒரு பழமொழி சொல்வார்: கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான். விடிய விடிய ஆடுகிறவனுக்கு எப்போது விடியும் என்று கவலை. வேலை செய்கிறவனுக்கு எப்போது பொழுது சாயும் என்று கவலை. பறவை எடுக்கிறவன் காலையில் கூலிக்காரன், மாலையில் கூத்தாடி. காலையில் மேற்கே பார்த்து நில், மாலையில் கிழக்கே பார்த்து நில், வெளிச்சம் உன் முதுகில் விழவேண்டும். தேவனாம்பட்டினத்தில் சூரியன் எழும்போது கடலைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினால் கழுகு வராது, கரிக்கட்டைதான் வரும். கடலுக்குச் சாயங்காலம் போங்கள், ஏரிக்குக் காலையில் போங்கள். நம் நிலம் கிழக்கே சரிகிற நிலம். அதனால் நம் ஏரிகளுக்குப் பெரும்பாலும் கிழக்கில்தான் கரை. கரைமேல் நின்றால் சூரியன் தானாக முதுகுக்கு வந்துவிடும்.

அதோடு வாடைக்காற்று. எந்தப் பெரிய பறவையும் எதிர்காற்றில்தான் உட்காரும், எதிர்காற்றில்தான் கிளம்பும். மார்கழியில் காற்று வடகிழக்கு. கிழக்குக் கரை மரத்துக்கு வருகிற கழுகு உங்களைப் பார்த்துக்கொண்டே இறங்கும். கிளம்பப் போவதற்கும் அடையாளம் உண்டு. பிள்ளைகள் சிரிக்கக் கூடாது. முன்னால் குனியும், வாலைத் தூக்கும், எச்சமிடும். அடுத்த நொடி பறக்கும். எச்சத்தைப் பார்த்ததும் பட்டனை அழுத்து. ஷட்டர் நொடியில் 2000-இல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. வெள்ளை வயிறு வெந்துபோகாமல் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கு. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி எடுக்கிற அதே கணக்கு.

மாப்பிள்ளை என்றதும் அந்தக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, ஐந்து நிமிஷம்.

பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும், தை மாசத்து முகூர்த்தம். மண்டபம் ஏரிக்குப் பக்கத்து ஊர். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன், காலையில் ஒன்பது மணிக்குத்தான் தாலி. ஆறு மணிக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். பதினோரு நாளாக ஒரு விராலடிப்பானுக்காக அலைந்து ஒரு படமும் கிடைக்காத காலம். போய் நின்று பீடி பற்றவைக்கக்கூட இல்லை (அப்போது பிடித்தேன், இப்போது இல்லை, தலைமையாசிரியை அம்மா மன்னிக்க), தலைக்கு மேலே வந்து நின்ற இடத்திலேயே இறக்கையை அடிக்கிறார்! காலை நீட்டிக்கொண்டு கல் மாதிரி விழுந்தார். தண்ணீர் தென்னை உயரம் தெறித்தது. அழுத்தினேன். சத்தமே இல்லை. பார்த்தால் ‘கார்டு ஃபுல்’.

மீன் தப்பிவிட்டது. அவர் உதறிக்கொண்டு மறுபடி மேலே ஏறினார். இன்னொரு தடவை விழுவார் என்று எனக்குத் தெரியும். கையில் வேறு கார்டு இல்லை. வெயில் ஸ்கிரீனில் அடிக்கிறது, எந்தப் படம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அழித்தேன் ஐயா. கண்ணை மூடிக்கொண்டு அழித்தேன். அவர் விழுந்தார், முழுசாக முங்கினார், எழுந்தார். காலில் ஒரு முழ விரால்! மீனின் தலை முன்பக்கம் இருக்கும்படி திருப்பி, இரண்டு காலாலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேலே போனார். பதினான்கு படம்.

ஆல்பம் போடும்போதுதான் தெரிந்தது, அழிந்தது தாய்மாமன் சீர். இருபத்தோரு தட்டு. ஒரு தட்டுகூட மிஞ்சவில்லை. மாமன் கடைக்கே வந்துவிட்டார். ஊரில் பெரிய தலைக்கட்டு, மீசையைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கியது. “கடன் வாங்கிச் செஞ்ச சீர், ஸ்டுடியோக்காரரே. எங்க படம்?” மறைக்க வழியில்லை. உண்மையைச் சொல்லிக் கழுகுப் படத்தை எடுத்து வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். “எவ்வளவு பக்குவமா ஏந்திக்கிட்டுப் போறான் பாருங்க. இவன்தான்யா தாய்மாமன்” என்றார். சீர் வருகிற பக்கத்தில் அந்தப் படத்தையே ஒட்டச் சொன்னார். இன்றைக்கும் அந்த ஆல்பத்தில் பன்னிரண்டாவது பக்கத்தில் விராலடிப்பான் இருக்கிறார். பாக்கிப் பணத்தில் மட்டும் ஐயாயிரம் கழித்துக்கொண்டார், அது நியாயம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. போன ஆவணியில் அதே மாமன் போன் செய்தார். “உங்க ஆளு உட்கார்ற மருத மரத்துக்கு நம்பர் போட்டுட்டாங்க தம்பி.” ஓடினேன். கரையில் மருதம், இலுப்பை, புளி எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டில் எண். கரையை அகலப்படுத்தி நடைபாதை போடப் போகிறார்களாம். எந்த அலுவலகம் என்று மேடையில் சொல்லமாட்டேன். கேட்டதற்கு அங்கே ஒருவர், “வேற மரம் நட்டுத் தருவோம் சார்” என்றார். நடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அந்த மருதத்தில் இருப்பது கடற்கழுகின் கூடு, ஓர் ஆள் படுக்கிற கட்டில் அகலம் வரும். அந்தச் சுமையை உங்கள் மூங்கில் கூண்டுக்குள் நிற்கிற கன்றா தாங்கும்? கூத்தாடி கிழக்கே, கூலிக்காரன் மேற்கே. மரத்துக்கு எண் போடுகிறவன் மட்டும் மேலே பார்ப்பதேயில்லை. அண்ணாந்து பார்த்திருந்தால் கூடு தெரிந்திருக்கும்.

பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல காரியம், கைதட்டலாம். ஏரிக்கரை மருதுக்கும் இலுப்பைக்கும் அந்தக் கருணை வேண்டாமா? வனத்துறை ஐயாவிடம் என் கோரிக்கை ஒன்றுதான். கரை வேலைக்கு டெண்டர் விடும் முன்பு, கார்த்திகைக்கும் மாசிக்கும் நடுவே ஒரு தடவை ஆள் அனுப்பிக் கூட்டு மரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். செலவு இல்லை. இந்த நாற்பது பிள்ளைகளும், பொங்கலுக்குப் பறவைக் கணக்கெடுக்கப் போகிறவர்களும் சம்பளம் இல்லாமல் செய்து தருவார்கள். 1972 வனவுயிர்ச் சட்டம் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டை என்றே சொல்கிறது. துப்பாக்கி வேண்டியதில்லை, ஒரு பெயிண்ட் டப்பாவும் ரம்பமும் போதும்.

படம் பிடிக்கிறவர்களுக்கும் அதே சட்டம்தான். கூட்டுக்குக் கீழே போய் நிற்காதீர்கள். நீங்கள் நிற்கிற வரைக்கும் தாய் திரும்பாது, முட்டை வெயிலில் கிடக்கும். டிரோன் விடுகிறவர்களைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். கோழிக் குடலை வீசிப் பருந்தை வரவழைத்துப் படம் எடுத்துவிட்டு ‘காட்டுப் பறவை’ என்று தலைப்புப் போடுகிறவர்களை, நல்லவேளை, இந்தக் கண்காட்சியில் சேர்க்கவில்லை.

அந்த மருத மரம் நிற்கிறதா என்று ஒரு பாப்பா கேட்கிறாள். நிற்கிறது அம்மா. மாமன் நாலு ஊர் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். எண் 37 இன்னும் பட்டையில் இருக்கிறது. பக்கத்து இலுப்பை மூன்று போய்விட்டன.

கேமரா பற்றிச் சொல்லவேயில்லை. டீ வந்துவிட்டது, சூடு ஆறினால் அண்ணாச்சி கோபித்துக்கொள்வார். கேட்கிறவர்கள் கடைக்கு வாருங்கள், பழசு ஒன்று விலைக்கும் இருக்கிறது.

நாளைக் காலை ஐந்தரைக்கு மைதானத்து வாசலிலிருந்து வேன் கிளம்பும். பிள்ளைகள் சிவப்புச் சட்டை போடாதீர்கள், பாட்டிலில் தண்ணீர் கொண்டுவாருங்கள். தலைவர் ஐயாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், மிக்க மகிழ்ச்சி. ஐயா, அந்த வெள்ளை வேட்டி சட்டை மட்டும் வேண்டாம்.