தூய காற்றில் 10 மைக்ரோகிராம் புழுதி

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் 1977-இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது, நுரையீரலோடு கண்ணையும் கணக்கில் எடுத்தார்கள். தேசியப் பூங்காக்கள், வனப்பகுதிகள் என 156 இடங்களில் மனிதரால் உண்டான மங்கலைப் போக்குவது இலக்கு. 1999-இல் வந்த விதிகள் அதற்கு 2064 என்று ஆண்டும் குறித்தன.

நகரத்துக்குப் போதுமான தூசிக் கட்டுப்பாடு காட்டுக்கு ஏன் போதாது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். துகளே இல்லாத காற்றிலும் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும். அதன் அளவு மெகாமீட்டருக்கு, அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு, சுமார் 10. 3,912-ஐ இந்த எண்ணால் வகுத்தால் பார்வைத் தொலைவு வரும்: 391 கிலோமீட்டர். ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம் பெருந்துகள் (புழுதி போன்ற சற்றே பெரிய துகள்) சேர்ந்தால் அந்த எண் 0.6 கூடும். 10 மைக்ரோகிராம் சேர்ந்தால் 10 என்பது 16 ஆகிறது. பார்வை 244 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. இதே 10 மைக்ரோகிராம், அந்த எண் ஏற்கெனவே 100 ஆக இருக்கும் நகரக் காற்றில் விழுந்தால்? 39 கிலோமீட்டர் 37 ஆகும், அவ்வளவுதான். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

அமெரிக்காவில் பி.எம்.10 துகளுக்கான (10 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும் விட்டமுள்ள துகள்) உடல்நல வரம்பு, 24 மணிநேரச் சராசரியாக கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம். அத்தனையும் பெருந்துகள் என்று வைத்துக்கொண்டால் எண் 100-க்குப் போய், 391 கிலோமீட்டர் 39-க்கு இறங்கிவிடும். சட்டப்படி அது நல்ல நாள். எதிரே மலை இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கும். எனவே பூங்காவுக்குள் அளப்பதோடு நிற்காமல், புழுதி கிளம்பும் தரையில் விதி போட வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவின் ஓவன்ஸ் ஏரி இதற்குச் சரியான பாடம். 1913-இல் ஓவன்ஸ் ஆற்று நீரை லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குக் கால்வாயில் திருப்பினார்கள். சில ஆண்டுகளில் ஏரி வற்றி உப்புப் படுகையானது. மேற்கே சியரா நெவாடா மலை; அங்கே ஜான் மியூர் வனப்பகுதி, அந்த 156 இடங்களில் ஒன்று. குளிர்காலத்தில் மழை பெய்து குளிர் இறங்கும்போது சோடியம் உப்புகள் பொங்கி, மேல்தரை மாவுபோலப் பொருபொருத்துப் போகும். காற்றடித்தால் முதலில் மணல்தான் துள்ளும்; அது விழுந்து விழுந்து பொருக்கை உடைக்க, அடியிலிருக்கும் நுண்தூள் மேலே கிளம்பும். ஆக மணல் நகர்வை நிறுத்தினால் தூசியும் நிற்கும்.

1983-இல் வந்த மாநிலச் சட்டம் இதைச் சரிசெய்யும் செலவை நகரத்தின் தலையில் வைத்தது. ஏற்கப்பட்ட முறைகளில் ஒன்று ஆழமற்ற நீர்த் தேக்கம்: தூசிப் பருவத்தில் பரப்பின் 75 சதவீதம் நனைந்திருக்க வேண்டும். காற்று வலுத்தால் நீர் ஒரு பக்கமாக ஒதுங்கி, எதிர்ப்பக்கம் காய்ந்துவிடும்; சமமாகப் பரவ மேடுபள்ளம் திருத்தாமல் பலன் இல்லை. சரளைக் கல்லை 10 சென்டிமீட்டர் கனத்துக்கு விரிப்பது இன்னொன்று. மண் மேலேறிக் கல்லிடுக்கை அடைத்தால் சரளையின் பயன் போய்விடும் என்பதால் தேவையான இடங்களில் அடியில் துணி விரிப்பார்கள். உப்புப் புல் வளர்ப்பதும் உண்டு. நீரை மிச்சப்படுத்த உழவும் செய்கிறார்கள்: களிமண்ணில் உயர்ந்த வரப்பும் பெரிய கட்டிகளும் நின்றால் காற்றின் வேகம் தரையில் தணியும். மணற்பாங்கான இடத்தில் கட்டியே நிற்காது. மழை கட்டிகளைக் கரைத்துவிட்டால் மறுபடி நீர் பாய்ச்சத் தயாராக இருக்க வேண்டும்.

அரிசோனாவில் சூப்பர்ஸ்டிஷன் வனப்பகுதிக்கு அருகே சிக்கல் வேறு: கட்டுமான நிலமும் மண் சாலையும். மாரிகோபா மாவட்ட விதி, எழும் புழுதிக்கு 20 சதவீத ஒளிமறைப்பை வரம்பாக வைக்கிறது. நீர் தெளித்தால் மட்டும் போதாது; லாரிச் சக்கரத்தோடு தார்ச்சாலைக்கு வரும் சேறு காய்ந்து மறுநாள் புழுதியாகும். அதற்குத்தான் வாயிலில் சரளைத் தளம். கற்களுக்கிடையே மண் நிரம்பியதும் அதைக் கிளறியோ மாற்றியோ ஆக வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

வேலை நின்ற நிலத்தில் பொருக்கு நன்றாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க, சுமார் 16 மில்லிமீட்டர் விட்டமும் 16 முதல் 17 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு போதும். ஓர் அடி உயரத்திலிருந்து மூன்று முறை போடுகிறார்கள். குண்டு புதையாமல், சுற்றிலும் மண் உதிராமல் மேலேயே நின்றால் தேர்ச்சி. மூன்றில் இரண்டு முறையாவது அப்படி நிற்காவிட்டால் அந்த இடத்தில் பொருக்கு இல்லை என்றே கணக்கு.