டோக்கனும் கைப்பேசிக் கடிகாரமும்

வணக்கம். செயலி எழுதுபவர்கள் பலர் லாகின் திரையை இழைத்து இழைத்துச் செய்வார்கள். டோக்கன் (லாகின் ஆனவருக்குச் சர்வர் தரும் அனுமதிச் சீட்டு) எப்போது காலாவதியாகும் என்ற கணக்கை மட்டும் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு பயனர்களிடம் திட்டு வாங்கித் தருவது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

லாகின் ஆனதும் சர்வர் டோக்கனோடு ஓர் எண்ணையும் அனுப்பும். 3600 என்று வந்தால், இன்னும் 3600 நொடிக்கு அது செல்லும். செயலிகளுக்கு இப்படி அனுமதி தருவதற்கான பொது நெறிமுறை ஓஆத் 2.0. அதன் விதிப்படி இது நொடிக்கணக்கு. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் இப்போதைய நேரத்தை மில்லிசெகண்டில் தருகிறது. இரண்டையும் அப்படியே கூட்டினால், ஒரு மணி நேர டோக்கன் 3.6 நொடியில் முடிந்துபோனதாகச் செயலி நினைத்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், எதுவும் உடையாது. ஓயாமல் புது டோக்கன் வாங்கிக்கொண்டே இருக்கும். 'ஆப் கொஞ்சம் ஸ்லோ' என்று மட்டும் புகார் வரும்.

சரி, அலகைத் திருத்தியாயிற்று. அடுத்தது கடிகாரம். ஜேடபிள்யூடி (JWT) என்ற வகை டோக்கனுக்குள் காலாவதி நேரம் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகளாக இருக்கும். அதைக் குறித்தது சர்வரின் கடிகாரம். கைப்பேசிக் கடிகாரத்தோடு அதை ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. விளையாட்டில் அடுத்த கட்டம் சீக்கிரம் திறக்கட்டும் என்று தேதியைத் தள்ளி வைக்கிற ஆட்கள் இருக்கிறார்களே! டோக்கன் கைக்கு வந்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று அளப்பதே மேல். ஆண்ட்ராய்டில் போன் ஆன் ஆனதிலிருந்து ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. தேதியை மாற்றினாலும் அது அசையாது, திரை அணைந்து போன் தூங்கினாலும் நிற்காது. ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அப்போது யோசிக்காமல் டோக்கனைப் புதுப்பித்துவிடலாம்.

எப்படி அளந்தாலும் அது நம் மதிப்பீடுதான். நேரம் மீதமிருக்கும்போதே சர்வர் டோக்கனை ரத்து செய்யலாம். அதனால் சர்வரிடமிருந்து 401, அதாவது 'அனுமதி செல்லாது' என்ற பதில், வந்தால் டோக்கனைப் புதுப்பித்து, அதே கோரிக்கையை மறுபடி அனுப்புங்கள், ஒரே ஒரு தடவை. ஒரு திரையிலிருந்து ஐந்து கோரிக்கைகள் போய் ஐந்துக்கும் 401 வந்தால், புதுப்பிக்க ஒன்றுதான் போக வேண்டும், மற்றவை காத்திருக்கட்டும். புது டோக்கன் வாங்குவதற்கென்றே தரப்படும் ரிஃப்ரெஷ் டோக்கனை ஒருமுறைக்கு மேல் ஏற்காத சர்வர்கள் உண்டு. அதே டோக்கன் மறுபடி வந்தால் திருட்டு என்று சந்தேகித்துப் பயனரை வெளியேற்றிவிடும்.

அப்புறம், புதுப்பிக்கும் நேரத்தில் நெட் இல்லை என்பதற்காக லாகின் திரையைக் காட்டாதீர்கள். ரிஃப்ரெஷ் டோக்கன் செல்லாது என்று சர்வரே சொன்னால் காட்டுங்கள். மற்றபடி சிக்னல் திரும்பும்வரை பொறுத்திருந்து மீண்டும் முயன்றால் போதும், பயனருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. நன்றி, வணக்கம்.